கிட்டங்கியை விற்கவில்லை, பிரவுசர் போட்டிருக்கிறேன்

அன்புள்ள மகனே, ஐயா,

நம்மிடம் இலை வாங்கிக் கப்பலில் அனுப்பும் தூத்துக்குடி முதலாளி, சென்ற வாரம் நம் சரக்குக் கிட்டங்கியை வாங்க வந்தார். விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் வருவதற்கு முன்பே ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, இலை மூட்டைகளுக்கு நடுவில் மேசை போட்டு வைத்து, டெலிபோன் வயரை அதுவரைக்கும் இழுத்து, இன்டர்நெட்டில் பாடம் படிக்கவும் ஆரம்பித்துவிட்டேன். இந்த இரண்டு சேதியும் இதற்குள் வேறு யார் வாயிலாகவாவது உன் காதுக்கு வந்திருக்கும். கொஞ்சம் உப்பும் காரமும் சேர்ந்தே வந்திருக்கும். அதனால்தான் நானே எழுதுகிறேன். இதை ஒளித்து வாசிக்க வேண்டாம். உன் மாமனார் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாக வாசித்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. நான் மறைத்துச் செய்கிற காரியம் எதுவும் இதில் இல்லை.

தீபாவளிக்கு வந்தபோது, பொங்கல் கழித்து அமெரிக்கா போகிறேன் என்றாய். எனக்குச் சந்தோஷம்தான். மருமகள் செல்விக்கும் உனக்கும் பெட்டியில் என்னென்ன கட்டித் தரலாம் என்று அப்போதே மனதுக்குள் அடுக்க ஆரம்பித்தேன். ஆனால் அடுத்த வாய் சோறு உள்ளே போவதற்குள் இன்னொன்றும் சொன்னாய். "நான் நிம்மதியாப் போணும்மா. நீ ஒத்தையில இங்கன இலையோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தா எனக்கு அங்கன எப்படி வேலை ஓடும்? எல்லாத்தையும் குடுத்துட்டு மெட்ராசுக்கு வந்துரு. பிளாட் சும்மாத்தான கெடக்கப் போவுது" என்றாய். நான் பதில் சொல்லாமல் ரசம் ஊற்றினேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். மறுநாள் சிநேகிதனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லித் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறி, பொங்கலுக்குள் முடித்துத் தருகிறேன் என்று முதலாளியிடம் வார்த்தை கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். அவர் போன் செய்து "பத்திரம் எப்ப எழுதலாம்க்கா?" என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். கையில் போனை வைத்துக்கொண்டு நான் நின்ற நிலையை நீ பார்த்திருக்க வேண்டும். கோபம் கூட உடனே வரவில்லை. என் பொருளுக்கு என்னைத் தவிர எல்லோரும் விலை பேசியிருக்கிறார்களே என்ற ஆச்சரியம்தான் முதலில் வந்தது.

உன் நிம்மதிக்கு நான் கடையை மூட வேண்டும் என்றால், அந்த நிம்மதி உனக்குக் கட்டுப்படியாகும், எனக்கு ஆகாது. நான் உட்கார்ந்து உன் பிளாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், அங்கே எனக்குத் தெரிந்த ஒரே வேலை பால்காரனிடம் சண்டை போடுவதாகத்தான் இருக்கும்.

இந்தக் கிட்டங்கி எப்படி வந்தது என்பது உனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்திருந்தால் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டாய். நீ பால்வாடிக்குப் போன காலம் அது. உங்கப்பா சேரன்மகாதேவி அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். நெல் தூசி நெஞ்சில் இறங்கி, ஒரு தெரு நடந்தாலே நின்று மூச்சு வாங்கும்படி ஆகிவிட்டது. நான் திசையன்விளைக்குப் போனேன். அந்தப் பக்கத்துச் செம்மண்ணில் நிலாவாரை நன்றாக விளையும். வெள்ளைக்காரர்கள் வயிற்றைச் சுத்தம் செய்துகொள்ள வாங்கும் அந்த இலையைப் பயிர் செய்யும் சம்சாரிகளிடம் வாங்கி, சலித்து, மூட்டை கட்டித் தூத்துக்குடிக்கு அனுப்பினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதை நம்பிப் போனேன்.

அங்கே அப்போது விலை பேசுவது வாயால் அல்ல. விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். விரலைப் பிடித்து விலையைச் சொல்வார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு பொம்பளை எப்படி அந்தத் துண்டுக்குள் கையை விட முடியும்? அதுதான் அவர்களுக்கு வசதியாக இருந்தது. "சரக்கு வேணும்னா வீட்டு ஆம்பளைய வரச் சொல்லும்மா" என்றார் ஒரு தரகர். "வீட்டு ஆம்பளைக்கு இருமல். நான் வாயாலயே சொல்லுதேன், நீரும் வாயாலயே சொல்லும்" என்றேன். சந்தையே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று என் விலையைச் சத்தமாகச் சொன்னேன். துண்டுக்குள் போய்க்கொண்டிருந்த விலையை விட அது கூடுதல் என்பது இலை கொண்டுவந்த சம்சாரிகளின் காதில் விழுந்தது. அடுத்த சந்தைக்கு அவர்கள் மூட்டையை என் முன்னால் இறக்கினார்கள். சிரித்த தரகர் பிறகு நமக்கே தரகராக வந்தார். இன்றைக்கும் திசையன்விளையில் நமக்கு இலை பிடித்துத் தருகிறவர் அவர்தான். அப்படிச் சேர்த்த காசில் வந்ததுதான் இந்தக் கிட்டங்கி.

சத்தமாக விலை பேசுகிறவளுக்கு ஒரு தொல்லை உண்டு. துண்டுக்குள் சொன்னதை மாற்றிக்கொள்ளலாம். ஊர் கேட்கச் சொன்னதை மாற்ற முடியாது. அதனால் யார் எதைக் கேட்டாலும் முதலில் வேண்டாம் என்று சொல்லப் பழகினேன். யோசிக்க எனக்கு நேரம் கிடைக்கும், எதிராளிக்கும் பயம் வரும். நீ சைக்கிள் கேட்டபோதும் வேண்டாம்தான். கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்றபோதும் வேண்டாம்தான். இரண்டுக்கும் பிறகு நானே போய்ப் பணம் கட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும். இந்தப் பழக்கம்தான் நம்மை நிமிர்த்தியது. இதே பழக்கம்தான் போன மாதம் என்னைப் படாத பாடு படுத்தியது. அதையும் சொல்லிவிடுகிறேன், நீ சிரிக்கலாம்.

ஏற்றுமதிக்காரர்களுக்கு வரும் ஒரு பத்திரிகையில் விளம்பரம் பார்த்தேன். மூலிகைச் சரக்கை எப்படி உலர்த்துவது, எப்படித் தரம் பிரிப்பது, வாங்குகிறவன் என்ன சோதனை செய்கிறான் என்றெல்லாம் வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று சொல்லித்தருகிறது. வயது வரம்பு கிடையாது. பாடம் தபாலில் வராது, எல்லாம் இன்டர்நெட்டில்தான். சேர்ந்ததும் எனக்கு ஒரு பெயரும் ரகசியச் சொல்லும் அனுப்பினார்கள். கூடவே, பாடம் திறக்க வேண்டுமென்றால் உங்கள் பிரவுசரை இப்படி இப்படித் தயார் செய்துகொள்ளவும் என்று இங்கிலீஷில் நெருக்கி அச்சடித்த தாள்களும் வந்தன. அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். வார்த்தைக்கு அர்த்தம் கிடைத்தது, விஷயம் பிடிபடவில்லை. உனக்குப் போன் செய்தேன். "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா அதெல்லாம், தலைதான் வலிக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டாய். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனைப் பெற்றவள், பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் விற்கும் பீர் பாய் கடையில் போய் நின்றேன்.

பீர் பாய் நேற்று வரைக்கும் டைப்ரைட்டர் விற்றவர். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் மனுஷர் அசரவில்லை. பெட்டியை ஆட்டோவில் ஏற்றி வந்து இறக்கினார். அதில் இருந்த பிரவுசர் பழசு, கல்லூரி கேட்பது புதுசு. "இன்டர்நெட்லருந்து புதுசை இறக்கணும்னா அடுத்த அமாவாசை ஆயிரும்க்கா" என்று, ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியைக் கொண்டுவந்து போட்டார். பாடத்தைத் திறந்து காட்ட இன்னொரு சின்ன புரோகிராம் வேண்டும் என்று தாளில் இருந்தது, அதையும் ஏற்றினார். என் கண்ணுக்குத் தகுந்தபடி எழுத்தைப் பெரிசாக்கினார். திறந்ததும் கல்லூரிப் பக்கம் வருகிற மாதிரி வைத்தார். கடைசியில் திரும்பி, "அக்கா, வெளிய உள்ளவன் எதையாவது நம்ம பெட்டியில வைக்க வந்தா, தானா வாங்கிக்கிடட்டுமா, உங்களைக் கேக்கட்டுமா?" என்றார்.

"என்னைக் கேக்காம என் மேசைக்கு எதுவும் வரக் கூடாது பாய்."

"அப்பக் கேக்கட்டும்" என்று ஒரு கட்டத்தில் அடையாளம் போட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு பட்ட பாடு கொஞ்சமில்லை. மத்தியானம் லாரி வராத நேரத்தில் உட்காருவேன். டெலிபோன் வயரில் மாட்டிய மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி ஓய்ந்து, ஊரைக் கடந்து கல்லூரி வாசலுக்குப் போகும். பெயரைப் போடுவேன், ரகசியச் சொல்லைப் போடுவேன், வருக என்று கல்லூரி சொல்லும். முதல் பாடம் என்பதைத் தொட்டால், நீங்கள் யார், பெயரைப் போடுங்கள் என்று மறுபடியும் கேட்கும். மறுபடியும் போடுவேன், மறுபடியும் வருக. பாடத்தைத் தொட்டால் மறுபடியும் நீ யார். வாசல் வரைக்கும் கூப்பிட்டுக் கதவைச் சாத்துகிற சொந்தக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். இது அவர்களையும் மிஞ்சியது. நம்மை ஏமாற்றிப் பணம் பறித்துவிட்டார்கள் என்றே முடிவு செய்து, பீர் பாயை வரவழைத்துச் சத்தம் போட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கோவப்படாம பைய ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்றார். செய்து காட்டினேன்.

"நில்லுங்க. இப்ப ஒண்ணு வந்துச்சே, என்ன கேட்டுச்சு?"

"என்னமோ குக்கியாம். வச்சுக்கிடவான்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னிய?"

"வேண்டாம்னேன்."

"எத்தனை தடவை கேட்டுச்சு?"

"அது கேட்டுக்கிட்டேதான் இருக்கு. நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்."

பீர் பாய் சிரித்த சிரிப்பில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "யக்கா, சைக்கிள் ஸ்டாண்டுல டோக்கன் குடுப்பாம்லா, அதுதான் இது. உள்ள வந்தது நீங்கதான்னு அவன் ஒரு டோக்கன் குடுக்கான். நீங்க வேண்டாம்னு தூக்கி எறிஞ்சிட்டு அடுத்த வாசல்ல போய் நிக்கிய. அங்க உள்ளவன் நீ யாருன்னு கேக்காம என்ன செய்வான்? ஊருல எவனுக்கும் இந்தத் தொந்தரவு வரல. எல்லாவனும் பாக்காமலே சரின்னு அமுக்கிட்டுப் போயிருதான்."

"பாக்காம எப்படி அமுக்குவான்?"

"அதத்தான் நானும் சொல்லுதேன். உங்களுக்கு மட்டும்தான் இது நடக்கும்."

எல்லாவற்றுக்கும் சரி என்று மாற்றி வைத்துவிடட்டுமா என்று கேட்டார். கூடாது என்றேன். கேட்கட்டும். படிக்கிற இடம் கேட்டால் சரி என்பேன், சாமான் விற்கிறவன் கேட்டால் வேண்டாம் என்பேன். எனக்கு விரல் வலித்தால் வலித்துவிட்டுப் போகிறது. அன்றைக்குச் சரி என்று அமுக்கினேன். முதல் பாடம் திறந்தது. மேலிருந்து கீழே கோடு கோடாக ஒரு படம் இறங்கியது. என்ன படம் என்று காத்திருந்தால் நம் நிலாவாரை இலை. என் கிட்டங்கியில் மலையாய்க் குவிந்து கிடக்கிற இலையை எவனோ கடல் கடந்து படம் பிடித்து, நரம்பு நரம்பாகக் கோடு இழுத்துப் பெயர் எழுதி வைத்திருந்தான். எனக்குக் கண் கலங்கியது. பீர் பாயிடம் புழுதி என்று சொன்னேன்.

நான் படிக்கிற நேரமெல்லாம் போன் எங்கேஜாக இருக்கும் அல்லவா? திசையன்விளைத் தரகர் பொறுத்துப் பார்த்துவிட்டு நேரில் வந்துவிட்டார். "எப்ப அடிச்சாலும் பேசிக்கிட்டே இருக்கிய. சாத்தான்குளத்துத் தரகன்கிட்டயா விலை பேசுதிய? என்ன சொல்லுதான் அவன்? நான் அதுக்குக் கீழயே தாரேன்" என்றார். நான் கம்ப்யூட்டரைக் காட்டவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். படிப்பினால் லாபம் இல்லை என்று இனி நீ சொல்லக் கூடாது.

முதல் பாடத்தில் பாதி எனக்குத் தெரிந்ததுதான். இலையைக் கொதிக்கிற வெயிலில் போடாதே, பச்சை மாறாமல் காய வை என்று நான் சம்சாரிகளிடம் கத்திக் கத்திச் சொல்வதை அவர்கள் நல்ல இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். அடுத்த பாடம்தான் என்னை உட்காரவைத்தது. உடைந்த இலைக்கும் முழு இலைக்கும் மருந்துச் சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. தேநீர்ப் பைகளில் போடுவதற்கு முழு இலையையே நறுக்கித்தான் பயன்படுத்துகிறார்கள் என்று இருந்தது. ஐயா, இத்தனை வருடமும் முதலாளி உடைந்த இலையைக் கழிவு என்று சொல்லி, கூட்டி அள்ளுகிற விலைக்கு என்னிடம் வாங்கினார். நானும் குப்பை போனால் சரி என்று கொடுத்தேன்.

அந்தப் பாடம் படித்த வாரத்தில்தான் அவர் வந்தார். நல்ல வெள்ளை வேட்டி, கையில் பழத்தட்டு. "தம்பி எல்லாம் பேசிட்டாரு. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்க்கா" என்றார்.

"தம்பி பேசியிருந்தா தம்பியோட பிளாட்டைத்தான் பேசியிருப்பான் அண்ணாச்சி. மெட்ராசுல போய்ப் பாருங்க."

"வெளையாடாதிய. வார்த்தைன்னா வார்த்தைதான?"

"வார்த்தைதான். பொருள் யாருதோ அவ வார்த்தை."

அவருக்கு முகம் சுருங்கியது. பேச்சை மாற்ற, கம்ப்யூட்டரைக் காட்டி இது என்ன என்று கேட்டார். பாடம் படிக்கிறேன் என்றேன். "இந்த வயசுலயா? என்ன பாடம்?" என்று சிரித்தார்.

"இத்தனை வருசமா நீங்க எங்கிட்டச் சொல்லாத பாடம்."

திரையைத் திருப்பி, உடைந்த இலையைப் பற்றிய பகுதியை வரி வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். நான் கொடுத்த காப்பியைக் கையில் எடுத்தவர் குடிக்காமலே கீழே வைத்தார். "கழிவுன்னுதானக்கா நீங்களும் குடுத்திய" என்றார். "ஆமா, நீங்க சொன்னிய, நான் குடுத்தேன். இனிமே நான் சொல்லுதேன்" என்றேன். பிறகு, "யாவாரம்க்கா" என்றார். "யாவாரம்தான் அண்ணாச்சி. நானும் வேற ஒண்ணும் சொல்லலியே" என்றேன். அவருக்கு இந்த வருடம் சரக்கு வைக்க இடம் போதவில்லை. அதற்காகத்தான் அவசரப்படுகிறார் என்பது பேச்சுக்கு நடுவே எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு வேண்டியது இடம். அதற்கு என்னை எழுப்பி வெளியே அனுப்ப வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. உனக்குத்தான் இருந்தது.

இதைப் படிக்கும்போது உனக்கு வலிக்கும் என்று தெரியும். கெட்ட எண்ணத்தில் நீ எதுவும் செய்யவில்லை. தாய் தனியாகக் கிடக்கிறாளே என்ற கவலை உனக்கு உண்மையாகவே இருக்கிறது. அந்தக் கவலையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், என்னையும் ஒரு மூட்டையாகக் கட்டிப் பத்திரமான இடத்தில் அடுக்கப் பார்த்தாய். நீ போகிற ஊரிலும் நாலு பேர் உன்னை அப்படி அடுக்கப் பார்ப்பார்கள். புதிதாக வந்தவனுக்கு இது போதும், இதில் கையெழுத்துப் போடு, இதைக் கேட்காதே என்பார்கள். முழுக்க வாசிக்காமல் எதற்கும் தலையாட்டாதே. புரியாததை இளையவனிடம் கேட்கக் கூச்சப்படாதே. செல்வியின் சார்பில் நீயாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. அவள் பேசாமல் சாப்பாடு பரிமாறினால் இன்னொரு தடவை கேள்.

எனக்கு உடம்பு முடியாமல் போகும் காலம் வரும். வரட்டும். அன்றைக்கு நானே உன்னைக் கூப்பிடுவேன்; கூப்பிடக் கூச்சப்படுகிறவள் நான் இல்லை. அதுவரைக்கும் நான் இந்த ஊரில், இந்த இலைத் தூசியில் தும்மிக்கொண்டு, பாடம் பாடமாகப் படித்துக்கொண்டுதான் இருப்பேன். படிப்பு முடிந்ததும் முதலாளியைத் தாண்டி நேராகவே கப்பலில் அனுப்ப முடியுமா என்று பார்க்கப் போகிறேன். முடியாது என்று சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நீ அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம்.

சந்தையில் உன் வார்த்தை உடைந்து கிடக்கக் கூடாது என்று எனக்கும் இருக்கிறது. நீ என் மகன். அதனால் முதலாளியை வெறுங்கையோடு அனுப்பவில்லை. இருவரும் உட்கார்ந்து பேசி முடித்தது இதுதான்: கிட்டங்கியின் பின் பாதி பதினோரு மாதத்துக்கு அவருக்கு வாடகைக்கு, முன் பாதி எனக்கு. முழு இலைக்குச் சந்தை விலை. உடைந்த இலையைத் தூசி நீக்கிச் சலித்துத் தருவேன். அதற்கு முழு இலை விலையில் முக்கால் பங்கு. வெளிநாட்டில் இலையைச் சோதித்து வரும் அறிக்கையில் எனக்கும் ஒரு பிரதி. கிட்டங்கியை விற்கிற பேச்சு இனி எப்போதாவது வந்தால், அவர் என்னிடம்தான் கேட்க வேண்டும், உன்னிடம் கேட்கக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா